முள்ளியவளைப் பேச்சில் ஒரு வாழ்த்து அட்டை

வாழ்த்து அட்டை என்பது ஒருவர் இன்னொருவருக்குச் சொல்ல விரும்புவதை வேறொருவர் முன்கூட்டியே எழுதி அச்சிட்டு விற்கும் பண்டம். படத்தைப் பார்த்து அட்டையைக் கையில் எடுப்பவர், உள்ளே இருக்கும் வாசகத்தைப் படித்த பிறகுதான் வாங்குவதா வைப்பதா என்று முடிவு செய்கிறார். ஆகவே புதிய அட்டை வரிசை ஒன்றைத் தொடங்க நினைப்பவர் முதலில் தீர்க்க வேண்டியது, அந்த வாசகம் யாருடைய பேச்சாக இருக்கப் போகிறது என்பதையே.

வணிக அட்டை அவசரத்தில் பிறந்தது. பிரித்தானியாவில் 1840 இல் ஒரு பென்னிக்குக் கடிதம் அனுப்பும் முறை வந்ததும் கடிதங்கள் பெருகின. நத்தார்க் காலத்தில் எல்லோருக்கும் தனித்தனியே பதில் எழுத நேரம் போதாத ஹென்றி கோல் என்பவர், 1843 இல் ஓவியர் ஜோன் கல்கொட் ஹோர்ஸ்லியைக் கொண்டு ஒரு படம் வரைவித்து, ஒரே வாழ்த்தை அதில் அச்சிட்டார். ஏறத்தாழ ஆயிரம் பிரதிகள் ஒன்று ஒரு ஷில்லிங் விலையில் விற்பனைக்கு வந்தன. பலருக்கும் பொருந்த வேண்டுமென்றால் வாசகம் பொதுவாக இருந்தாக வேண்டும். அந்தப் பொதுத்தன்மை இன்றுவரை அட்டையை விட்டுப் போகவில்லை. 1910 இல் தொடங்கிய ஹோல்மார்க் போன்ற பெரிய நிறுவனங்கள் சம்பளத்துக்கு எழுத்தாளர்களை வைத்து வாசகம் எழுதுவித்தன.

சாதாரண ஆட்களின் குரல் அட்டைக்கு வந்த கதைகளும் உண்டு. யுனிசெஃப் நிறுவனத்தின் முதல் அட்டை 1949 இல் வெளிவந்தது. அதிலிருந்த படத்தை வரைந்தவர் போரால் நலிந்த செக்கோஸ்லோவாக்கியக் கிராமம் ஒன்றைச் சேர்ந்த ஏழு வயதுச் சிறுமி. கிடைத்த உதவிக்கு நன்றியாக அவர் வரைந்த படம் அது.

வாசகத்தில் பெரிய மாற்றம் 2015 இல் அமெரிக்காவில் வந்தது. எமிலி மக்டவல் என்ற வடிவமைப்பாளருக்கு 24 வயதில் புற்றுநோய் வந்திருந்தது. என்ன சொல்வதென்று தெரியாமல் நண்பர்களும் உறவினரும் விலகிப் போனதுதான் சிகிச்சையைவிடத் தம்மை வருத்தியது என்று அவர் பின்னர் சொன்னார். கடையில் கிடைத்த ‘விரைவில் நலம் பெறுக’ அட்டை, நலம் பெறுவோமா என்றே தெரியாதவருக்குப் பொருந்தவில்லை. அதனால் இத்தனை நாள் பேசாமல் இருந்ததற்கு மன்னிப்புக் கேட்கும் அட்டைகளையும், நோயாளியிடம் தத்துவம் பேசுவோரைக் கண்டிக்கும் அட்டைகளையும் அவர் வெளியிட்டார். நெருங்கிய சிநேகிதி வீட்டுக் கதிரையில் இருந்து பேசுவது போன்ற வாசகங்கள் அவை. அந்த வரிசை பரவலாக விற்பனையானது.

தமிழில் அட்டைத் தொழிலின் தலைநகரம் சிவகாசி. 1923 இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் தொடங்கிவைத்த தீப்பெட்டித் தொழிலுக்கு லேபிள் தேவைப்பட்டது. அதற்காக வளர்ந்த அச்சகங்கள் பின்னர் நாட்காட்டிக்கும் பொங்கல் வாழ்த்துக்கும் திரும்பின. கைத்தொலைபேசி வரும்வரை தமிழ்நாட்டில் தை மாதத் தபாற்பையை நிரப்பியவை பொங்கல் அட்டைகள். கரும்பும் பானையும் மாடும் நடிகர் படமும் ஆண்டுக்கு ஆண்டு மாறின. வாசகம் மட்டும் மேடைத் தமிழிலேயே நின்றது.

இலங்கையின் வன்னியில் நிலைமை சற்று வேறு. கடை அட்டை இங்கு பெரிதாக வேரூன்றவில்லை என்றாலும், ஒருவருக்கென்றே எழுதி அச்சிடும் பழக்கம் வலுவாக இருக்கிறது. திருமணத்திலும் ஆசிரியரின் ஓய்விலும் வாழ்த்துமடல் எழுதி, சட்டமிட்டு, சபையில் வாசித்துக் கையளிக்கிறார்கள். ஒருவர் இறந்து 31 ஆம் நாளில் அவருடைய வாழ்க்கையையும் உறவினரின் புலம்பலையும் தேவாரத்தோடு சேர்த்துக் கல்வெட்டு என்ற சிறு நூலாக வெளியிடுகிறார்கள். ஊர்ப் புலவர் ஒருவர் வீட்டாரிடம் கேட்டு எழுதும் அந்தப் பக்கங்களில்தான் சாதாரண மனிதரின் வாழ்க்கை அச்சேறியிருக்கிறது. ஆனாலும் அவர் வீட்டில் பேசிய பேச்சு அங்கே விருத்தமாக மாறிவிடுகிறது. பேச்சை மாற்றாமல் அப்படியே அச்சிடும் வேலை இன்னும் மிச்சமாகவே இருக்கிறது.

வன்னியைச் சேர்ந்த முள்ளியவளையில் அப்படியொரு வரிசையைத் தொடங்க வாசகத்துக்குப் பஞ்சமில்லை. பரீட்சைக்குப் போகும் பிள்ளைக்கு அம்மம்மா சொல்லும் “ஒண்டுக்கும் யோசியாதை மோனை”, வெளிநாட்டில் இருப்பவரிடம் தொலைபேசியில் கேட்கும் “சாப்பிட்டனியே ராசா?”, விடைபெறும்போது சொல்லும் “ஏலுமெண்டால் ஒருக்கா வந்து நிண்டிட்டுப் போங்கோவன்” ஆகிய ஒவ்வொன்றும் தனி அட்டைக்குப் போதுமானது. இவற்றை ‘எதற்கும் கவலை கொள்ளாதே’ என்று திருத்தினால் சொன்ன ஆள் மறைந்துவிடுவார். எழுத்துக்கூட்டலை ஒருமுறை தீர்மானித்து எல்லா அட்டைகளிலும் அதையே பின்பற்றினால், பேச்சுத்தமிழ் அச்சுப்பிழை போலத் தோன்றாது.

தருணங்களையும் ஊரிலிருந்தே எடுக்க வேண்டும். பிறந்தநாளுக்கும் புத்தாண்டுக்கும் அட்டை ஏற்கெனவே கிடைக்கிறது. குழந்தைக்கு முதற்பல் முளைக்கையில் செய்யும் பல்லுக்கொழுக்கட்டை, சாமத்தியவீடு, குடிபூரல், உயர்தரப் பெறுபேறு, நீண்ட காலத்துக்குப் பிறகு ஊர் திரும்புதல் ஆகியவற்றுக்கென்று அட்டை காண்பது அரிது. துயரத்தில் இன்னும் கவனம் வேண்டும். காணாமல் ஆக்கப்பட்ட தம் உறவுகளைத் தேடி 2017 முதல் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் குடும்பங்கள் தொடர் போராட்டம் நடத்தின. அப்படிப்பட்ட தாய்க்கு ‘ஆத்மா சாந்தியடையட்டும்’ என்ற அட்டை கொடிய காயம். அவரிடம் என்ன சொல்லலாம் என்பதை அவரைப் போன்ற தாய்மாரிடமே கேட்டு எழுத வேண்டும். அவர்கள் வேண்டாம் என்றால் அந்த அட்டையை விட்டுவிட வேண்டும்.

வாசகம் தேடுவோர் மாதர் சங்கத்துக்கும் சனசமூக நிலையத்துக்கும் போய்க் கேட்கலாம். கேட்டதை எழுதியதும், சொன்னவருக்கு வாசித்துக்காட்டி எழுத்தில் சம்மதம் வாங்குவது முறை. பெயர் போடுவதா வேண்டாமா என்பது அவருடைய விருப்பம். விற்பனையில் அவருக்கு எவ்வளவு பங்கு என்பதை அச்சுக்கு முன்பே பேசி முடிக்க வேண்டும். மூன்று நான்கு சொற்களுக்குப் பதிப்புரிமை கிடைப்பது கடினம் என்பதால், சட்டம் கேட்காவிட்டாலும் நேர்மை கேட்கும் கடமை இது. நாட்டார் பாடல், கதை போன்றவற்றுக்கு வேறு நிலை: இலங்கையின் 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் நாட்டார் வெளிப்பாடுகளை வணிகத்துக்காகப் படியெடுப்பதையும் கட்டுப்படுத்துகிறது. தாலாட்டையோ ஒப்பாரியையோ அட்டையில் போட எண்ணுபவர் முதலில் சட்ட ஆலோசனை பெறுவது நல்லது.

அச்சில் தவறு நேரக்கூடிய இடம் எழுத்துரு. இலங்கையின் தமிழ் அச்சகங்களில் நெடுங்காலம் புழங்கிய எழுத்துரு பாமினி. கைத்தொலைபேசியில் யுனிகோடில் தட்டிய வாசகத்தைப் பாமினிக்கு மாற்றும்போது எழுத்துகள் குழம்பக்கூடும். கணினித் திரையில் பார்த்தது போதாது. தாளில் ஒரு பிரதி எடுத்து, வாசகம் சொன்னவரிடமே காட்ட வேண்டும். மட்டை சதுர மீற்றருக்கு 250 முதல் 300 கிராம் வரை தடிப்பாக இருந்தால் மடித்தாலும் நிமிர்ந்து நிற்கும். நூறு இருநூறு பிரதி என்றால் டிஜிட்டல் அச்சே மலிவு. ஒப்செட் அச்சுக்குத் தகடு செய்யும் செலவு முதலிலேயே விழுவதால் ஆயிரத்தை நெருங்கினால்தான் கட்டுப்படியாகும். உள்நாட்டுக் காகிதம் விரும்புவோருக்குக் கேகாலையின் மக்சிமஸ் நிறுவனம் முன்மாதிரி. அது 1997 முதல் யானை இலத்தியில் காகிதம் செய்து, அட்டையும் குறிப்பேடும் ஆக்கி வெளிநாட்டுக்கும் அனுப்புகிறது.

வியாபாரப் பெயரைப் பதிய கரைத்துறைப்பற்றுப் பிரதேச செயலகத்துக்குப் போக வேண்டும். விற்க நல்ல காலம் வைகாசி. சிலாவத்தைக் கடலில் எடுக்கும் தீர்த்தத்தால் முள்ளியவளைக் காட்டா விநாயகர் ஆலயத்தில் விளக்கெரித்து, அடுத்த திங்கட்கிழமை வற்றாப்பளைக் கண்ணகி அம்மனுக்குப் பொங்கும் நாட்களில் கனடா, இலண்டன் என்று போனவர்கள் பலர் ஊரில் நிற்பார்கள். ஊர்ப்பேச்சை வீட்டுக்குக் கொண்டுபோக விரும்பும் வாடிக்கையாளர் இவர்களே. அடுத்தது தை. பொங்கலுக்கு அட்டை புத்தகசாலைக்கு வர வேண்டுமென்றால் கார்த்திகைக்குள் அச்சகத்தில் கொடுத்துவிட வேண்டும், ஏனென்றால் மார்கழியில் நாட்காட்டி வேலை அச்சகங்களை நிரப்பிவிடும். முதல் முறை ஐந்தாறு வாசகங்களோடு தொடங்கி, எது விற்கிறது என்று பார்த்த பிறகு மற்றவற்றை அச்சிடுவதே பாதுகாப்பானது. வாசகம் சேர்ப்பதற்கு மட்டும் அந்தப் பொறுமை கூடாது. அதைச் சொல்லக்கூடிய அம்மம்மாமாரும் அப்பாமாரும் முதுமையில் இருக்கிறார்கள். அவர்களிடம் இந்த மாதமே போய்க் கேட்டு எழுத வேண்டும்.