காலடிச் சுவடுகள் நிற்கும் இடம்

தில்லிக்குக் குடும்பத்துடன் செல்லும் வாடிக்கையாளர்கள், செங்கோட்டையையும் குதுப் மினாரையும் கண்டபின், தீஸ் ஜனவரி மார்க்கிலுள்ள காந்தி ஸ்மிருதிக்கு ஒரு முற்பகலை ஒதுக்கலாம். நுழைவுக் கட்டணம் இல்லை, திங்கட்கிழமை விடுமுறை.

முன்னர் பிர்லா மாளிகை எனப்பட்ட இவ்வில்லத்தில்தான் காந்தியடிகள் தம் இறுதி 144 நாட்களைக் கழித்தார். மத நல்லிணக்கம் வேண்டி 1948 ஜனவரி 13 அன்று தம் கடைசி உண்ணாவிரதத்தைத் தொடங்கியதும் இங்கேதான்.

மாடியிலுள்ள மின்னணுக் காட்சிகளைப் பிள்ளைகள் தாமே இயக்கிப் பார்த்து மகிழ்வர். அவற்றை முதலில் காட்டிவிட்டு, அவர் தங்கிய அறைக்கு அழைத்து வாருங்கள். மூக்குக் கண்ணாடி, கைத்தடி, கத்தி, முட்கரண்டி, கரண்டி, சோப்புக்கு மாற்றாகப் பயன்படுத்திய கல் என அங்குள்ள உடைமைகளைப் பிள்ளைகளே எண்ணிவிடலாம். சேமிப்பைப் பற்றி நாம் சொல்லும் அறிவுரைகளைவிட அவ்வறை அதிகம் கற்பிக்கும்.

வெளியே, தோட்டத்துப் பிரார்த்தனைத் திடலை நோக்கிக் காலடிச் சுவடுகள் பதிக்கப்பட்டுள்ளன. ஜனவரி 30 மாலை அவர் நடந்த வழி அது. அவர் சுடப்பட்டு வீழ்ந்த இடத்தில் சுவடுகள் நின்றுவிடுகின்றன. அங்கே ஒரு நினைவுத் தூண் நிற்கிறது.

“ஏன் சுட்டார்கள்?” என்று குழந்தை கேட்கும். அவ்வினாவைத் தவிர்க்காமல், அருகிலுள்ள புல்வெளியில் அமர்ந்து பொறுமையாக விடை கூறுங்கள். பயணத்தின் மிகப் பயனுள்ள அரைமணி நேரம் அதுவாகவே இருக்கும்.