ஒண்ணுமில்ல, விடு

"இந்த வயசிலயா காது மிஷின்?" நகைக்கடன் கவுன்ட்டரில் யாராவது ஒருவர் இப்படிக் கேட்காமல் ஒரு வாரம் போவதில்லை. எனக்கு வயது 29. ஈரோடு பக்கம் ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் காசாளர் வேலை. இரண்டு காதிலும் மிஷின். கேள்வியைத் தொடர்ந்து "ஐயோ பாவம்" வரும், அல்லது "எங்க தாத்தாவும் இதேதான் போட்டிருந்தாரு" வரும். சிலர் என் முதுகுக்குப் பின்னால் போய் நின்று, "இது கேக்குதா? இப்போ கேக்குதா?" என்று குசுகுசுத்துச் சோதித்தும் பார்ப்பார்கள்.

வயதானவர்களுக்குத்தான் காது மந்தமாகும் என்ற நினைப்பு நம்மிடம் அவ்வளவு ஊறியிருக்கிறது. பொன்னுக்கு வீங்கி, மூளைக்காய்ச்சல், சீழ் வடியும் காது, காசநோய்க்குப் போடும் சில ஊசிகள், ஓயாத இரைச்சல், பரம்பரை என்று எத்தனையோ வழிகளில் இளம் வயதிலேயே கேட்கும் திறன் குறையலாம். இயர்போனில் சத்தத்தைக் கூட்டி வைத்துக் கேட்பது போன்ற பழக்கங்களால் 12 முதல் 35 வயது வரையிலான 100 கோடிக்கும் மேற்பட்டோரின் காதுகள் ஆபத்தில் இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. எனக்குப் பரம்பரை. என் சித்திக்கும் இதே குறைதான்.

"கேக்கலைன்னா சத்தமா பேசினா போச்சு" என்று பலரும் நினைக்கிறார்கள். உட்காதில் நத்தைக்கூடு போன்ற ஒரு சிறு சுருள் இருக்கிறது. அதற்குள் ஏறக்குறைய 15,000 நுண்மயிர் செல்கள். அழிந்தவை திரும்ப வளர்வதில்லை. எனக்கு உயர்ந்த சுருதியைப் பிடிக்கும் செல்கள்தான் அதிகம் போயிருக்கின்றன. பேச்சில் ஆ, ஓ போன்ற உயிரொலிகள் தாழ்ந்த சுருதியில் பலமாக வரும். ச, ஸ, ஃப போன்றவை உயர்ந்த சுருதியில் மெலிந்து வரும். அதனால் நீங்கள் பேசுவது எனக்குக் கேட்கிறது, என்ன பேசினீர்கள் என்பதுதான் பிடிபடுவதில்லை. கத்தினால் உயிரொலி இன்னும் பெரிதாகிறதே தவிர, விட்டுப்போன எழுத்து வந்து சேர்வதில்லை. மிஷின் வழியாக வரும் கத்தல் சில நேரம் வலிக்கவே செய்யும்.

ஆடியோகிராமில் என் இழப்பு 55 டெசிபல். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், இரு காதிலும் 60 டெசிபலில் இருந்துதான் கணக்கில் எடுக்கிறது. ஆக, சட்டப்படி எனக்கு ஒன்றுமில்லை. வீட்டு விசேஷங்களிலோ, "அவளுக்கு வேணும்னா கேக்கும், வேண்டாம்னா கேக்காது" என்று பேச்சு. காலையில் நன்றாகக் கேட்கிறவளுக்குச் சாயங்காலம் கேட்காமல் போவது நடிப்பில்லை. நாள் முழுக்க உதடு பார்த்து, விட்டதை ஊகித்து, ஐந்து மணிக்கு மூளை களைத்துப் போகிறது.

இவை எல்லாவற்றையும்விட என்னைக் குத்துவது வேறு. சாப்பாட்டுப் பந்தியில் எல்லோரும் சிரிக்கிறார்கள். "என்ன சொன்னாங்க?" என்று கேட்கிறேன். "ஒண்ணுமில்ல, விடு." சொல்பவருக்கு ஒரு நொடி மிச்சமாகிறது. அந்தப் பந்தியில் எனக்கு இருந்த இடம் போய்விடுகிறது. அதை நான் விடுவதில்லை. "பரவாயில்ல, சின்ன விஷயமா இருந்தாலும் சொல்லுங்க" என்று கேட்டு வாங்குகிறேன். முகம் சுளிப்பவர்கள் உண்டு. அண்ணன் மகள் மட்டும் கேட்பதற்கு முன்பே என் பக்கம் திரும்பி, ஆரம்பத்திலிருந்து சொல்வாள். அவளுக்கு வயது பத்து.

வெறுமனே "என்ன?" என்று கேட்டால் எதிரில் இருப்பவர் அதே வேகத்தில், கொஞ்சம் எரிச்சலுடன் அதையே திரும்பச் சொல்வார். எனக்குக் கேட்டதை நான் முதலில் சொல்லிவிடுகிறேன்: "நாளைக்கு மீட்டிங்னு கேட்டுச்சு, எத்தனை மணிக்குங்க?" அப்போது விட்டுப்போன துண்டு மட்டும் தெளிவாக வருகிறது. கூட்டம் என்றால் சுவருக்கு முதுகைக் கொடுத்து, பேசுகிறவர் முகத்தில் வெளிச்சம் விழும் இடமாகப் பார்த்து உட்காருகிறேன். பேச்சை எழுத்தாக்கிக் காட்டும் செயலிகள் தமிழிலும் வந்துவிட்டன, போனில் வைத்திருக்கிறேன்.

கவுன்ட்டரில் பெரிய தலைவலி எண்கள்தான். "அம்பதாயிரம்", "எம்பதாயிரம்" இரண்டும் கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கமிருந்து ஒன்றுபோலவே வரும். அதனால் தொகை எதுவானாலும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதித் தரச் சொல்கிறேன். கண்ணாடியில் ஒட்டியிருக்கும் தாளில், "எனக்குக் காது குறைவு. முகத்தைப் பார்த்து, நிதானமாகப் பேசுங்கள்" என்று இருக்கிறது. மேலாளர் முதலில் தயங்கினார். இப்போது காது நன்றாகக் கேட்கிற பக்கத்துக் கவுன்ட்டர் அக்காவும் சீட்டு எழுதித்தான் வாங்குகிறார். பின்னால் நின்று சோதிப்பவர்களிடம், "அப்படிப் பண்ணாதீங்க, எனக்குப் பிடிக்கல" என்று சொல்லிவிடுகிறேன். அவர்கள் சங்கடப்பட்டால் அதற்காக நான் சிரித்துச் சமாளிப்பதில்லை.

அம்மாவோடுதான் இழுபறி அதிகம். பெண் பார்க்க வரும்போது, "முடிய முன்னால விட்டுக்க கண்ணு, மிஷின் தெரியாம இருக்கட்டும்" என்பார். மகளுக்கு நல்லது நடக்கவேண்டுமே என்ற பயம் அவருக்கு. எனக்கு அது புரிகிறது. ஆனாலும் தரகரிடம் நானே பேசிவிட்டேன்: ஜாதகத்தோடு இதையும் சொல்லுங்க, பரம்பரையா என்று கேட்டால் ஆமாம் என்றே சொல்லுங்க. அதன்பிறகு வரும் ஜாதகங்கள் குறைந்துவிட்டன. அம்மா ஒரு மாதம் என்னோடு சரியாகப் பேசவில்லை. போன வாரம் வந்த பையன் உட்கார்ந்ததும் கேட்ட முதல் கேள்வி, "ஃபேனை நிறுத்திட்டா உங்களுக்கு வசதியா இருக்குமா?" அம்மாவே எழுந்து போய் நிறுத்தினார்.