குரலுக்கும் கணினிக்கும் நடுவே ஒரு சிறு பெட்டி

பேச்சுக் காற்றோடு போயிற்று என்பது நம் வழக்கு. இப்போது அப்படிப் போகவிட வேண்டிய கட்டாயம் இல்லை. பள்ளியிலே கணினி உண்டு. சபைகூடலுக்கென்று வாங்கிய ஒலிவாங்கியும் உண்டு. இரண்டையும் ஒரு கம்பியால் பிணைத்துவிட்டால் குரல் உள்ளே சென்று அமர்ந்துகொள்ளும் என்றுதான் நானும் நெடுநாள் எண்ணியிருந்தேன்.

சில ஆண்டுகளுக்கு முன், மூன்றாம் ஆண்டு மாணவர்க்குக் கேட்டல் பயிற்சி ஒன்று ஆயத்தம் செய்தேன். வலி, வளி, வழி; அரம், அறம்; மனம், மணம் எனச் சொற்களை நானே ஒலித்து, மடிக்கணினியில் பதிந்து, வகுப்பில் கேட்கச் செய்தேன். பாதிப் பிள்ளைகளுக்கு மேல் பிழையாக எழுதினர். பிள்ளைகளின் செவியைக் குறை கூறிக்கொண்டிருந்த என்னிடம், உடன் பணியாற்றும் ஆசிரியை ஒருவர், "ஐயா, நீங்களே கண்ணை மூடிக்கொண்டு ஒருமுறை கேட்டுப் பாருங்கள்" என்றார். கேட்டேன். என் குரல்தான், நான் சொன்ன சொற்கள்தாம். ஆயினும் எது வளி, எது வழி என்று எனக்கே துணிந்து சொல்லக் கூடவில்லை. சொற்களுக்கு அடியில் மழைத்தூறல் போன்ற ஓர் இரைச்சல் ஓடிக்கொண்டே இருந்தது. அந்த இரைச்சல் எங்கிருந்து வந்தது என்று தேடப் போய்த்தான் இக்கட்டுரைப் பொருளை நான் கற்றேன்.

ஒலிவாங்கி செய்யும் வேலை எளியது. குரலால் அசையும் காற்றுக்கேற்ப மெல்லிய தகடு ஒன்று நடுங்குகிறது. அத்தகட்டோடு ஒட்டிய கம்பிச்சுருள் ஒரு காந்தத்தின் இடையே ஆடுகிறது. அந்த ஆட்டத்தால் கம்பியில் மின்னழுத்தம் பிறக்கிறது. கையில் பிடித்துப் பேசும் ஒலிவாங்கிகளிற் பல இந்த இயங்குசுருள் வகையைச் சேர்ந்தவை. பிறக்கும் மின்னழுத்தம் எவ்வளவு என்றால், ஒரு வோல்ட்டை ஆயிரம் கூறாக்கி அவற்றுள் ஒன்றிரண்டு கூறு. அதாவது ஒன்றிரண்டு மில்லிவோல்ட். கைவிளக்கில் இடும் சிறு மின்கலம் 1.5 வோல்ட் தருவதை நினைத்தால், இஃது எத்துணை நலிந்த செல்வம் என்பது விளங்கும்.

மடிக்கணினியின் பக்கவாட்டில் உள்ள சிறு துளையோ, இந்த வகை ஒலிவாங்கிக்காக அமைந்ததன்று. தலையில் மாட்டிப் பேசும் கருவிகளில் உள்ள குறுஞ்சிறு ஒலிவாங்கிக்காக அமைந்தது. அக்குறுங்கருவியின் உள்ளேயே ஒரு பெருக்கி இருக்கும். கணினி அதற்குச் சிறிது மின்சாரம் தந்தால் போதும். நம்முடைய ஒலிவாங்கியை அங்கே செருகும்போது, நலிந்த குரல் அப்படியே கணினியின் வயிற்றுக்குள் போகிறது. அங்கே விசிறி சுழல்கிறது. மின்சாரம் நொடிக்குப் பல்லாயிரம் முறை முடுக்கப்பட்டும் நிறுத்தப்பட்டும் ஓடுகிறது. சந்தை நடுவே நின்றுகொண்டு காதோடு காதாகப் பேசியதைப் போலத்தான். கணினி குரலைப் பெருக்குகிறது. கூடவே சந்தையையும் பெருக்கிவிடுகிறது.

இதில் தமிழாசிரியர் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. உயிரொலி உரத்தது, நீளமானது. மெய்யொலிகளிற் பல மெலிந்தவை, குறுகியவை. மெய்க்கு அரை மாத்திரை என்று தொல்காப்பியர் வகுத்ததை நாம் பாடமாகச் சொல்லிவருகிறோம். இரைச்சல் எழுந்தால் முதலில் மூழ்குவது அந்த அரை மாத்திரைப் பொருள்தான். உயிர் தப்பிவிடும், மெய் போய்விடும். லகர ளகர ழகர வேறுபாடும், ரகர றகர வேறுபாடும் நிற்பது அந்தச் சிறு இடத்தில் அல்லவா? என் பிள்ளைகள் கேட்டது மெய் இழந்த தமிழ்.

சரி, இதற்கு மருந்து என்ன? ஒலிவாங்கிக்கும் கணினிக்கும் நடுவே வைக்கும் ஒரு சிறு பெட்டிதான். கடையில் ஆடியோ இன்டர்ஃபேஸ் என்று கேட்டால் எடுத்துத் தருவார்கள். தமிழில் ஒலி இடைமுகம் என்று எழுதுகின்றனர். முகம் என்பதைவிடப் பெட்டி என்பது பிள்ளைகளுக்கு விளங்குமாதலின் நான் இடைப்பெட்டி என்றே சொல்லிப் பழகிவிட்டேன். பொருத்தமான சொல் வேறு உளதேல் அறிந்தோர் கூறுக.

இடைப்பெட்டி முதலில் செய்வது பெருக்குதல். கணினியின் சந்தைக்கு வெளியே, அமைதியான இடத்தில் வைத்து, ஒரு மில்லிவோல்ட்டை ஒரு வோல்ட் அளவுக்கு, அதாவது ஆயிரம் மடங்கு உயர்த்துகிறது. இதனை 60 டெசிபல் என்பர். 20 டெசிபலுக்குப் பத்து மடங்கு என்று நினைவில் வைத்துக்கொண்டால் கணக்கு எளிது. பெட்டியின் விலை ஏறுவதற்குரிய காரணங்களில் ஒன்று, இந்தப் பெருக்கி தன் சொந்த இரைச்சலை எவ்வளவு குறைவாகச் சேர்க்கிறது என்பதே.

அடுத்தது அளத்தல். பெருகிய மின்னழுத்தத்தை நொடிக்கு 48,000 முறை அளந்து எண்ணாக எழுதுகிறது. ஒலியை இப்படி எண்ணாக்கும் முறைக்கு அலெக் ரீவ்ஸ் என்னும் ஆங்கிலேயப் பொறியாளர் 1938இல் பிரான்சில் காப்புரிமை கோரினார். அதனை மலிவாகச் செய்துகாட்டும் கருவிகள் அன்று இல்லை. ஓர் அதிர்வை எண்ணில் பிடிக்க அதைப்போல் இரு மடங்குக்கு மேல் அளவு எடுக்க வேண்டும். இளஞ்செவி நொடிக்கு ஏறத்தாழ 20,000 அதிர்வுவரை கேட்கும். ஆதலின் 40,000க்கு மேல் வேண்டும். 1982இல் விற்பனைக்கு வந்த குறுந்தட்டு 44,100 என்று வைத்துக்கொண்டது. பழைய தொலைபேசி முறையிலோ 8,000 அளவுகளே. தொலைபேசியில் பெயரை எழுத்தெழுத்தாகச் சொல்ல நேர்வது நம் குற்றம் அன்று.

மாத்திரை என்பது கண்ணிமைக்கும் பொழுது. அதைக் கால் நொடி என்று வைத்துக்கொள்வோம். அரை மாத்திரையுள்ள மெய்யெழுத்து அரைக்கால் நொடி. அதற்குள் பெட்டி 6,000 முறை அளந்துவிடுகிறது. ஒவ்வொரு முறையும் அளக்கும் கோலில் எத்தனை கோடுகள் என்பது வேறொரு கணக்கு. 16 பிட் என்றால் 65,536 கோடுகள். 24 பிட் என்றால் 16,777,216 கோடுகள். இந்தப் பெரிய எண்ணுக்கு ஒரு பயன் உண்டு. அதைப் பிறகு சொல்கிறேன்.

அளந்த எண்களை யுஎஸ்பி கம்பி வழியே கணினிக்கு அனுப்புவது மூன்றாம் வேலை. எண்ணாக மாறிய பின் சந்தை இரைச்சல் அதைத் தீண்டாது. அதே கம்பியில் வரும் 5 வோல்ட் மின்சாரமே சிறிய பெட்டிகளை இயக்கப் போதும். எனவே அவை சட்டைப்பைக்குச் சற்றுப் பெரிதாகச் சுருங்கிவிட்டன. ஃபோக்கஸ்ரைட் என்னும் ஆங்கில நிறுவனத்தை 1985இல் ரூபர்ட் நீவ் தொடங்கியபோது, அது பெரிய ஒலிப்பதிவுக் கூடங்களுக்கே கருவி செய்தது. 2011இல் அது வெளியிட்ட ஸ்கார்லெட் என்னும் சிவப்புப் பெட்டியை இன்று வீட்டு மேசைகளிலும் காண்கிறோம். பெரிங்கர் முதலிய பிற நிறுவனங்களின் பெட்டிகளும் உள. சில நூறு வெள்ளியில் முடியும் காரியம் இது.

பெட்டியின் முகத்தில் மூன்று துளையுள்ள வட்டச் செருகி ஒன்றிருக்கும். அதில் செருகும் கம்பிக்குள் மின்குறி இரண்டு இழைகளில் போகிறது. ஒன்றில் நேராக, மற்றொன்றில் தலைகீழாக. வழியில் புகும் இரைச்சல் இரண்டிலும் ஒரே விதமாக ஏறும். பெட்டி ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழிக்கிறது. இரைச்சல் தன்னைத் தானே கழித்துக்கொள்கிறது, குரல் இரட்டிக்கிறது. கழித்தல் கணக்குக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு நான் கண்டதில்லை.

அருகில் 48 என்று எழுதிய பொத்தான் இருக்கும். மின்தேக்கி வகை ஒலிவாங்கிகளுக்கு மின்சாரம் வேண்டும். அதனைக் குரல் வரும் அதே கம்பியில் 48 வோல்ட்டாக அனுப்புவதற்குரிய பொத்தான் இது. இந்த 48 எங்கிருந்து வந்தது? நார்வே நாட்டு வானொலிக்காக ஜெர்மனியின் நாய்மன் நிறுவனம் 1966இல் அமைத்த முறை இது. பகல் குறுகிய குளிர்கால நாடாதலின், அவ்வானொலிக் கூடங்களில் அவசர விளக்குகளுக்கென்று 48 வோல்ட் மின்சாரம் முன்னமே இருந்தது, அதையே பயன்படுத்திக்கொண்டனர். இயங்குசுருள் ஒலிவாங்கிக்கு இப்பொத்தான் வேண்டியதில்லை.

இனி, பெட்டியில் உள்ள திருகு ஒன்றைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெருக்கத்தைக் கூட்டவும் குறைக்கவும் உதவுவது இது. மற்றவற்றைப் பெட்டி பார்த்துக்கொள்ளும். இதை மனிதன்தான் பார்க்க வேண்டும். நான் பார்க்கவில்லை.

எங்கள் தோட்டத்தில் நெடுங்காலம் பால்மரம் சீவிய பாட்டி ஒருவர் இருந்தார். தாலாட்டும் ஒப்பாரியும் அவர் நாவில் தங்கியிருந்தன. புதிதாக வாங்கிய பெட்டியோடு ஒரு மாலை அவர் வீட்டுக்குப் போனேன். "இந்தக் கெழவி பாட்டு எதுக்கு வாத்தியாரையா?" என்று சொல்லிக்கொண்டே தாலாட்டில் தொடங்கினார். குரல் மிக மெலிதாக இருந்ததால் திருகை ஏறத்தாழ முழுவதும் ஏற்றிவைத்தேன். தாலாட்டு நன்றாகவே பதிந்தது. பிறகு, இறந்துபோன தம் கணவருக்காகத் தாமே கட்டிய ஒப்பாரியைப் பாடினார். குரல் ஓங்கியது. பெட்டியில் பச்சையாக எரிந்த விளக்கு சிவந்து சிவந்து மின்னியிருக்க வேண்டும். நான் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேனேயன்றிப் பெட்டியைப் பார்க்கவில்லை.

வீட்டுக்கு வந்து கேட்டபோதுதான் தெரிந்தது. அளவுகோலில் கடைசிக் கோட்டைத் தாண்டிய ஒலியை எழுத எண் இல்லை. ஆதலின் பெட்டி ஒவ்வோர் அலையின் தலையையும் தட்டையாக வெட்டிவிடுகிறது. பாட்டி குரலெடுத்த இடமெல்லாம் கிழிந்த தகரம் போல ஒலித்தது. வெட்டுண்ட தலையை ஒட்டவைக்கும் மென்பொருள்கள் உள. அவை இவ்வாறு இருந்திருக்கலாம் என்று ஊகித்து வரைவன. இருந்ததைத் தருவன அல்ல. அடுத்த பள்ளி விடுமுறையில் மறுபடியும் வருகிறேன் என்று சொல்லியிருந்தேன். அதற்குள் அவர் காலமாகிவிட்டார். தாலாட்டு என்னிடம் இருக்கிறது. ஒப்பாரி இருந்தும் இல்லை.

24 பிட் கோலின் பயன் இங்கேதான். கோடுகள் கோடிக்கு மேல் இருப்பதால், குரலைத் தாழ்த்திப் பதிந்தாலும் நுட்பம் கெடாது, பிறகு உயர்த்திக்கொள்ளலாம். வெட்டுண்டதை மட்டும் பிறகு சீர்செய்ய இயலாது. எனவே பாடுவோரை மிக உரக்கப் பாடச் சொல்லி முதலில் சோதித்து, அப்போதும் முழு அளவின் காற்பங்கைத் தாண்டாதபடி திருகை வைப்பது நன்று. மென்பொருளின் அளவுகோலில் அது கழித்தல் 12 டெசிபல் என்று காட்டும். திருகே தேவையில்லாத 32 பிட் மிதவைப்புள்ளிப் பெட்டிகளும் அண்மையில் வந்துள்ளன. வாங்க முடிந்தவர்கள் வாங்கலாம். நமக்கு விழிப்பே மலிவு.

தூரமும் முக்கியம். ஒலிவாங்கியை வாயிலிருந்து ஒரு சாண் தொலைவில் வையுங்கள். தொலைவு பாதியானால் வந்து சேரும் குரல் இரட்டிக்கும்; அறையின் இரைச்சலோ அப்படியே இருக்கும். மின்விசிறியை நிறுத்துக. மடிக்கணினியின் மின்னேற்றிக் கம்பியைப் பிடுங்கிவிட்டுப் பதிந்தால், 50 அதிர்வு மின்சாரத்தின் ரீங்காரம் பெரும்பாலும் ஒழியும். தகரக்கூரையின் மேல் மழை பெய்தால் எந்தப் பெட்டியும் உதவாது. தேநீர் அருந்திக்கொண்டு காத்திருக்க வேண்டியதுதான். கூட்டம் நடத்தும் செயலிகளில் இரைச்சலை நீக்கும் வசதி உண்டு. நீட்டிப் பாடும் இசையை அதுவும் இரைச்சல் என்று கருதி வெட்டிவிடக்கூடும். அதனை அணைத்துவிடுக.

மாணவரைக் காதணி மாட்டிப் படிக்கச் செய்வோர்க்கு ஒரு சொல். குரல் கணினிக்குள் போய்த் திரும்பிக் காதுக்கு வரச் சற்றுத் தாமதமாகும். தம் குரலைத் தாமதித்துக் கேட்போர் திக்குவர் என்பதை பெர்னார்டு லீ என்னும் அமெரிக்கர் 1950இல் எழுதிக் காட்டினார். கால் நொடிக்குச் சற்றுக் குறைந்த தாமதமே நாவை மிகவும் குழப்பும். நன்றாகப் படிக்கும் பிள்ளை காதணி மாட்டியதும் தடுமாறினால் திட்டாதீர்கள். குரலைப் பெட்டியிலிருந்தே நேராகக் காதுக்கு அனுப்பும் பொத்தான் பல பெட்டிகளில் உண்டு. அதை அமுக்குங்கள்.

பதிவைச் சுருக்காத வேவ் கோப்பாகவே வைத்துக்கொள்வது நல்லது. ஒலி, காணொலிக் காப்பகங்களின் அனைத்துலகச் சங்கம் காப்பகப் பதிவுகளுக்குப் பரிந்துரைக்கும் குறைந்த அளவு 48,000 அளவுகள், 24 பிட் என்பதாகும். ஒற்றை ஒலிவாங்கியில் ஒரு மணி நேரத்துக்கு 520 மெகாபைட் அளவில் வரும். இக்காலத்து வன்தட்டுக்கு அஃது ஒரு சுமையன்று.

வலி, வளி, வழியை மறுபடியும் பதிந்தேன். இம்முறை பெட்டி வழியாக, மின்விசிறியை நிறுத்திவிட்டு. அந்த ஆசிரியையிடம் கொடுத்துக் கேட்கச் சொன்னேன். இரண்டு முறை கேட்டுவிட்டு, "ஐயா, எல்லாம் தெளிவாக இருக்கிறது. உங்களுக்கு றகரம்தான் சரியாக வரவில்லை" என்றார். அந்தச் சொற்களை இப்போது அவர் குரலிலேயே பதிந்து வைத்திருக்கிறோம்.