1971 போர் விமான மாடல் வாங்கப் போறீங்களா? முதலில் பெட்டியில் இந்த எண்ணைப் பாருங்க!

1971 இந்தியா-பாகிஸ்தான் போர் விமானங்களின் மினியேச்சர்களைச் சேகரிக்க ஆசையா? விலைக்கு முன்னாடி, பெட்டியில் 1:72, 1:48 என்று இருக்கும் எண்ணைப் பாருங்க. அதுதான் ஸ்கேல்.

1:72 என்றால், நிஜத்தில் 72 செ.மீ. இருப்பது மாடலில் 1 செ.மீ. பின்னால் வரும் எண் குறைந்தால், மாடல் பெரிதாகும்.

இது ஏன் முக்கியம்?

1971 டிசம்பர் 14-ல் ஸ்ரீநகர் விமானதளத்தைத் தாக்க வந்த பாகிஸ்தானின் சேபர் விமானங்களை, 'நாட்' என்ற குட்டி விமானத்தில் எதிர்த்துப் போனவர் நிர்மல் ஜித் சிங் சேகோன். அந்தச் சண்டையில் உயிரிழந்தார். இந்திய விமானப்படையில் பரம் வீர் சக்ரா பெற்ற ஒரே வீரர் அவர்தான்.

1:72 ஸ்கேலில் சேபர் சுமார் 16 செ.மீ., நாட் சுமார் 12 செ.மீ. நாட் விமானத்தை மட்டும் 1:48-ல் வாங்கினால் சுமார் 18 செ.மீ. வந்துவிடும். ஷெல்ஃபில் பெரிய விமானமே அதுதான்னு ஆகிடும்!

ரகத்தையும் கவனிங்க. 'நாட் டி.1' என்பது பிரிட்டனின் இரட்டை இருக்கை பயிற்சி விமானம். சேகோன் ஓட்டியது ஒற்றை இருக்கை போர் விமானம்.

ஸ்கேலும் ரகமும் சரியா இருந்தால், அவர் எவ்வளவு சின்ன விமானத்தில் கிளம்பினார் என்பது பார்த்தவுடனே புரியும்.