பத்து நாளைக்குப் பழைய வீட்டுச் சாவி

2020 மார்ச் மாதத்தில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்து பள்ளிகள் மூடப்பட்டதை மறந்திருக்க மாட்டீர்கள். பிள்ளைகள் வீட்டிலிருந்தே பாடம் படிக்க வேண்டும் என்றானதும், நம் தோட்டங்களில் பல குடும்பங்கள் கையிருப்போடு கடனையும் சேர்த்து ஒரு மடிக்கணினி வாங்கின. பெரும்பாலும் யாரோ பயன்படுத்திக் கழித்தவைதாம். அன்று வாங்கிய கணினிதான் பல வீடுகளில் இன்றும் பிள்ளைகளுக்குப் படிப்பு, பெரியவர்களுக்குப் படப்பெட்டி, வீட்டுக்குக் கணக்குப் புத்தகம்.

அந்தக் கணினியில் ஒரு நாள் திரை முழுக்க ஓர் அறிவிப்பு வருகிறது. புதிய விண்டோஸ் தயாராக இருக்கிறது, இலவசம் என்கிறது. இலவசம் என்றால் நாம் விடுவோமா? பொத்தானை அமுக்கி விடுகிறோம். மறுநாள் முதல் கணினி நகர மாட்டேன் என்கிறது. அப்போது என்ன செய்வது என்பதைத்தான் இன்று உங்களோடு பேசப் போகிறேன்.

எங்கள் தோட்டத்தில் குலை வெட்டும் ஓர் அண்ணனின் மகள் என்னிடம் ஆறாம் ஆண்டு வரை படித்தவள். இப்போது படிவம் ஆறு. 2025 செப்டம்பரில் ஒரு மாலை, கணினியை நெஞ்சோடு அணைத்தபடி வந்து நின்றாள். பின்னாலேயே அப்பாவும் வந்தார். வேலை முடிந்து குளித்துவிட்டு வந்தவர் முகத்தில் களைப்பைவிடக் கவலைதான் அதிகம்.

“டீச்சர், மெசின் கெட்டுப் போச்சு. டவுன்ல கடையில கேட்டேன். ஃபார்மட் பண்ணணுமாம், நூறு வெள்ளியாம். சனிக்கிழமை கொண்டு போகலாம்னு இருக்கேன்.”

அவள் விண்டோஸ் 10இலிருந்து விண்டோஸ் 11க்கு மாற்றியிருந்தாள். மாற்றியது முதல் கணினியைத் திறக்கப் பத்து நிமிடம் ஆனது. ஓர் எழுத்தைத் தட்டினால், அது திரையில் வருவதற்குள் அடுத்த சொல்லே மறந்துவிடும். இரண்டு வாரத்தில் ஒப்படைக்க வேண்டிய இடுபணி பாதியில் நின்றது.

“மாற்றி எத்தனை நாள் ஆச்சும்மா?” என்று கேட்டேன்.

விரல் விட்டு எண்ணினாள். “ஏழு நாள் டீச்சர்.”

எனக்கு மூச்சு வந்தது. ஏன் என்று சொல்கிறேன்.

விண்டோஸ் என்பது கணினியின் இயங்குதளம். காலைப் பெரட்டில் யார் எந்த நிரைக்குப் போவது, எந்தச் சாமான் யாருக்கு என்று பிரித்து விடும் தண்டலைப் போல, கணினிக்குள் நடக்கும் ஒவ்வொரு வேலையையும் ஆள்வது அதுதான். விண்டோஸ் 11, 2021 அக்டோபர் 5ஆம் தேதி வெளிவந்தது. அதற்குக் கணினியில் குறைந்தது 4 ஜிபி நினைவகம் வேண்டும் என்பது விதி. இந்தப் பெண்ணின் கணினியில் இருந்தது சரியாக அந்த 4 ஜிபிதான். போதாக்குறைக்கு உள்ளே இருந்தது சுழலும் தட்டுடைய பழைய ரக வன்தட்டு. விதிக்கு உட்பட்ட கணினிதான். ஆனால் இரண்டு பேர் குடித்தனம் செய்யும் வீட்டில் பத்துப் பேர் வந்து தங்கியது போல் ஆகிவிட்டது.

இப்போது நீங்கள் தெரிந்து கொள்ள வேண்டிய விஷயத்துக்கு வருகிறேன். புதிய விண்டோஸ் குடிவரும்போது, பழையதை உடனே அழித்து விடுவதில்லை. ‘விண்டோஸ்.ஓல்டு’ என்ற ஓர் உறையில் போட்டு மூலையில் வைக்கிறது. நம் ஆட்கள் லயத்திலிருந்து புது வீட்டுக்குப் போவதைப் பார்த்திருப்பீர்கள். புது வீட்டில் தண்ணீர் வரவில்லை, கூரை ஒழுகுகிறது என்றால், லயத்தை உடைக்காத வரை பாய் தலையணையோடு திரும்பி வந்துவிடலாம். கணினியிலும் அப்படியே. ஆனால் தவணை பத்தே நாள். அதன் பிறகு பழைய உறையைக் கணினி தானாகவே அழித்து விடும். 2015இல் விண்டோஸ் 10 வந்தபோது இந்தத் தவணை ஒரு மாதமாக இருந்தது. 2016 ஆகஸ்டில் வந்த புதுப்பிப்போடு பத்து நாளாகச் சுருக்கி விட்டார்கள். பத்து நாள் முடிவதற்குள் ஒரு கட்டளை கொடுத்து அறுபது நாள் வரை நீட்டிக்க வழி உண்டு. அதைக் கணினி நன்கு அறிந்த பிள்ளை யாராவது அருகில் இருந்தால் மட்டும் செய்து பாருங்கள்.

கடையில் சொன்ன ஃபார்மட் வேறு சங்கதி. அது வீட்டைத் தரைமட்டமாக்கிப் புதிதாய்க் கட்டுவது. உள்ளே இருந்த சாமானை முன்கூட்டி வெளியே எடுத்து வைக்காவிட்டால் எல்லாம் போய்விடும். இதை நான் பட்டுத் தெரிந்து கொண்டவள். 2022இல் என் சொந்தக் கணினியை ஒரு கடையில் கொடுத்தேன். படங்களை எடுத்து வைத்துவிட்டுச் செய்வார்கள் என்று நான் நினைத்துக் கொண்டேன். எடுத்து வைத்துவிட்டுத்தான் கொண்டு வந்திருப்பேன் என்று அவர்கள் நினைத்துக் கொண்டார்கள். நானும் சொல்லவில்லை, அவர்களும் கேட்கவில்லை. மூன்று வருடத்துப் பள்ளி விளையாட்டுப் போட்டிப் படங்களும், என் அம்மா எங்களோடு கொண்டாடிய கடைசித் தீபாவளிப் படங்களும் போயின. விளையாட்டுப் படங்கள் சிலவற்றைப் பெற்றோர்களிடம் கேட்டு வாங்கிக் கொண்டேன். அம்மாவின் படத்துக்கு யாரிடம் போய்க் கேட்பது?

அதனால்தான் அந்த அண்ணனிடம், “சனிக்கிழமை கடைக்குப் போக வேண்டாம் அண்ணே. இன்னும் மூன்று நாள் இருக்கிறது. இன்றைக்கே பார்த்துவிடலாம்” என்றேன்.

முதல் வேலையாகப் படங்கள், இடுபணி, தாத்தாவின் பழைய சிவப்பு அடையாள அட்டையைப் படமெடுத்து வைத்திருந்தது உட்பட எல்லாவற்றையும் ஒரு பென்டிரைவில் ஏற்றினோம். பழைய விண்டோஸுக்குத் திரும்பும்போது சொந்தக் கோப்புகள் அழிவதில்லை என்பது உண்மை. ஆனாலும் நடுவில் மின்சாரம் நின்றால் யார் பொறுப்பு?

அந்த நேரத்தில்தான் அந்தப் பெண், “டீச்சர், வன்தட்டு நிறைஞ்சு போச்சுன்னு காட்டுது. இதை அழிச்சுட்டா நிறைய இடம் கிடைக்கும்னு போட்டிருக்கு” என்று ஒரு வரியைக் காட்டினாள். தற்காலிகக் கோப்புகள் என்ற பட்டியலில், பல ஜிபி அளவோடு, ‘முந்தைய விண்டோஸ்’ என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. விரலைப் பொத்தான் மேல் வைத்து விட்டாள். நான் போட்ட சத்தத்தில் வெளியே படுத்திருந்த நாய்கூட எழுந்துவிட்டது. பழைய லயம் என்றேனே, அதுதான் அந்த வரி. அதைக் குப்பை என்று கூட்டித் தள்ளியிருந்தால், பத்து நாள் ஆகாமலே வழி அடைபட்டிருக்கும். கணினி மெதுவாக ஓடுகிறதே என்று சுத்தம் செய்யப் போய்ப் பலர் ஏமாறுவது இந்த இடத்தில்தான்.

பிறகு மின்கம்பியைச் செருகினோம். மின்கலத்தை மட்டும் நம்பி இந்த வேலையில் இறங்கக் கூடாது. ‘செட்டிங்ஸ்’ திறந்து, ‘சிஸ்டம்’ போய், அதில் ‘ரெக்கவரி’ என்பதை அமுக்கினால் ‘கோ பேக்’ என்ற பொத்தான் இருக்கிறது. பத்து நாள் கடந்திருந்தால் அதை அமுக்க முடியாது. அமுக்கியதும், ஏன் போகிறீர்கள் என்று கேட்கிறது. கல்யாண வீட்டில் பந்திக்கு முன்னே கிளம்பினால் கேட்பார்களே, அது போல. ஏதாவது ஒரு காரணத்தைத் தொட்டோம். புதுப்பிப்பு இருக்கிறதா பார்க்கட்டுமா என்றது, வேண்டாம் என்றோம். கடைசியில் ஓர் எச்சரிக்கை: பழைய விண்டோஸில் வைத்திருந்த கடவுச்சொல் நினைவிருக்கிறதா? இதை அலட்சியமாகத் தாண்டிவிடாதீர்கள். அவள் மாற்றத்துக்குப் பிறகு கடவுச்சொல்லையும் மாற்றியிருந்தாள். பழையது என்ன என்று யோசித்து, யோசித்து, கடைசியில் அவள் தம்பிதான் சொன்னான். விளையாட்டுக்காக அக்காவின் கணினியை ஒளிந்து திறக்கிற பயல். அன்று அவனைத் திட்ட மனம் வரவில்லை.

ஒன்றே முக்கால் மணி நேரம் ஆயிற்று. திரை இருண்டது, எழுந்தது, மறுபடி இருண்டது. அப்பா வாசல் படியில் உட்கார்ந்து கொண்டார். ஒரு முறை, “நின்னு போச்சா டீச்சர்?” என்று கேட்டார். பிறகு கேட்கவில்லை. ஒன்பது மணிக்குப் பழைய திரை வந்தது. இடுபணி இருந்த இடத்திலேயே இருந்தது. மாற்றத்துக்குப் பிறகு ஏற்றியிருந்த தமிழ்த் தட்டச்சுச் செயலி மட்டும் போய்விட்டது. இடையில் ஏற்றியவை போகத்தான் செய்யும். அதை மறுபடி ஏற்றிக் கொண்டோம். திரும்பி வந்த பழைய விண்டோஸுக்குப் பணம் எதுவும் கட்டத் தேவையில்லை.

இப்படித் திரும்பியது நாம் மட்டும் அல்ல. 2007 ஜனவரி 30இல் விண்டோஸ் விஸ்டா கடைகளுக்கு வந்தபோது, 2001இல் வந்த எக்ஸ்பியே போதும் என்று பலர் பின்வாங்கினார்கள். விஸ்டாவின் சில பதிப்புகளை வாங்கியவர்களுக்கு எக்ஸ்பிக்கு இறங்கிக் கொள்ளும் உரிமையும் சேர்த்தே தரப்பட்டது. 2012இல் வந்த விண்டோஸ் 8இல் இடது மூலைப் பொத்தானைக் காணோம் என்று உலகமெங்கும் முணுமுணுத்ததும், அடுத்த ஆண்டே அது திரும்பி வந்தது. ஆகவே, “எனக்குத்தான் தெரியவில்லை போலிருக்கிறது” என்று கூச்சப்பட வேண்டியதில்லை.

ஆனால் ஒன்றை மறைக்கக் கூடாது. பழைய லயத்தில் எத்தனை நாள் இருப்பது? விண்டோஸ் 10க்கான இலவசப் பாதுகாப்புத் திருத்தங்கள் 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்து விட்டன. பதிவு செய்து கொண்ட வீட்டுக் கணினிகளுக்கு 2026 அக்டோபர் 13 வரை கூடுதல் தவணை அறிவித்தார்கள். திருத்தம் வராத கணினி பூட்டில்லாத வீடு. அதில் வங்கிக் கணக்கைத் திறப்பது நல்லதல்ல. அந்த அண்ணனிடம் இதையும் சொன்னேன். கடைக்குப் போகாமல் மிஞ்சிய நூறு வெள்ளியோடு இன்னும் கொஞ்சம் சேர்த்து, டிசம்பர் விடுமுறையில் நினைவகத்தை 8 ஜிபியாக்கி, சுழலும் தட்டை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி போட்டார். 250 வெள்ளி ஆயிற்று. இடுபணி ஒப்படைத்தாகிவிட்டது, படங்கள் பென்டிரைவில் இருக்கின்றன, விடுமுறையும் இருக்கிறது என்ற நிலையில் அவள் மறுபடி விண்டோஸ் 11க்குப் போனாள். இந்த முறை கணினி ஒழுங்காக ஓடுகிறது.

பத்து நாளைத் தவறவிட்டவர்கள் ஃபார்மட்தான் செய்ய வேண்டும். கடைக்காரரிடம் வாயால் சொன்னால் போதாது. கோப்புகளை நீங்களே எடுத்து வைத்துக் கொண்டு, வேறொரு கணினியில் திறந்து பார்த்துவிட்டுக் கொடுங்கள். கைப்பேசியில் இந்தப் பத்து நாள் சலுகைகூடக் கிடையாது. பெரும்பாலான கைப்பேசிகளில் பழைய பதிப்புக்குப் போவதென்றால், அது முடிகிற இடத்திலும் உள்ளே இருப்பது அழிந்துதான் போகும்.

இதை நான் சொல்லிக் கொண்டிருந்தபோது, அந்த அண்ணன் சட்டைப் பையிலிருந்து தன் கைப்பேசியை எடுத்து நீட்டினார். திரையில் புதுப்பிக்கவா என்று கேட்டு ஓர் அறிவிப்பு நின்றது. “மூணு நாளா கேக்குது டீச்சர். இதுல எங்க அப்பா படம் இருக்கு” என்றார். பென்டிரைவில் இடம் இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னேன். மகள் எழுந்து உள்ளே போனாள்.