வயற் பாடசாலையும் கமக்காரரின் தொழிலுறவும்

கமத்தொழில் ஒருவர் தம் வரம்புக்குள் தனித்திருந்து செய்து முடிக்கக்கூடிய தொழிலன்று. மேல்வயலின் நீரே கீழ்வயலுக்கு வருகின்றது. பூச்சியும் நோயும் வரம்பைக் கண்டு நிற்பதில்லை. ஆதலின், தொழிலறிவைத் தேடும் கமக்காரர், அயலவருடனும் விவசாயப் போதனாசிரியருடனும் நல்ல தொழிலுறவையும் தேடிக்கொள்ளுதல் வேண்டும். இவ்விரண்டையும் ஒருங்கே தரும் முறை வயற் பாடசாலையாகும்.

இம்முறை தோன்றிய காரணம்

அறக்கொட்டியான் எனக் கமக்காரர் வழங்கும் கபிலநிறத் தத்தி, நெற்பயிரின் அடித்தண்டிலிருந்து சாற்றை உறிஞ்சுவது. இது பெருகுமிடத்துப் பயிர் வட்டம் வட்டமாகக் காய்ந்து, தீயில் எரிந்தாற்போலத் தோன்றும். 1970களில் இந்தோனேசியா இதனாற் பெரும் நெல்லிழப்பை அடைந்தது. மருந்தை மேன்மேலுந் தெளித்தும் தத்தி குறையவில்லை. தத்தியைத் தின்னும் சிலந்தி முதலிய நன்மை செய்யும் உயிர்கள் மருந்தினால் மடிந்தன. தண்டினுள் இடப்பட்ட தத்தி முட்டைகளோ தப்பிப் பொரித்தன. எதிரிகள் இல்லாத வயலில் தத்தி முன்னிலும் பெருகிற்று.

இதனையுணர்ந்த அந்நாட்டரசு, 1986 இல் நெற்பயிருக்குப் பயன்பட்ட 57 பூச்சிகொல்லிகளைத் தடைசெய்தது. 1989 இல் கமக்காரருக்கான வயற் பாடசாலைகள் அங்கு ஆரம்பமாயின. பின்னர் இலங்கையிலும் இம்முறை கைக்கொள்ளப்பட்டது.

நடைபெறும் விதம்

பொதுவாக 20 முதல் 25 வரையான கமக்காரர், விதைப்பு முதல் அறுவடை வரை வாரத்தில் ஒருநாட் காலை வயலிற் கூடுவர். சிறு குழுக்களாகப் பிரிந்து, பயிரின் உயரத்தை அளந்து, மட்டங்களை எண்ணி, தீமை செய்யும் பூச்சிகளையும் நன்மை செய்வனவற்றையும் வேறுவேறாகக் கணக்கிடுவர். கண்டதைப் பெரிய தாளில் வரைந்து, ஏனைய குழுக்களின் முன்னிலையில் விளக்குவர். மருந்து வேண்டுமா, வேண்டாமா என்பதைக் கூடி ஆராய்ந்து முடிவு செய்வர்.

போதனாசிரியர் இங்கு விரிவுரை நிகழ்த்துவதில்லை. "இப்பூச்சி எதைத் தின்கிறது?" என்று வினவி, கமக்காரரையே பார்க்கச் செய்வார். ஒரு பாத்தியில் வழக்கமான முறையும், மற்றொன்றிற் குழுவின் முடிவும் கைக்கொள்ளப்படும். அறுவடையின்போது இரண்டின் விளைச்சலும் செலவும் ஒப்பிடப்படும்.

உறவை வளர்க்கும் வழிகள்

1. குறிப்பேடு ஒன்று வைத்திருங்கள். நெல்லினம், விதைத்த நாள், பசளையிட்ட நாள், பூச்சிகளின் எண்ணிக்கை ஆகியவற்றை அதில் எழுதுங்கள். "பயிர் பழுதாகிறது" என்று மாத்திரங் கூறுபவருக்குச் சரியான ஆலோசனை வழங்குதல் எவருக்கும் அரிது.

2. பெற்ற ஆலோசனையின் பயனைப் போதனாசிரியருக்குத் திரும்ப அறிவியுங்கள். பயன் தராவிடினும் அறிவித்தல் வேண்டும். அவ்வாறு அறிவிக்கப்படும் செய்தியே ஆராய்ச்சியாளருக்கும் வழிகாட்டும்.

3. அயலவர் மருந்து தெளிக்கப் புறப்படுமுன், அவரை அழைத்துச் சென்று பயிரின் அடித்தண்டைக் காட்டுங்கள். வாதத்திலும் பார்க்கக் கண்ணாற் காண்பது அவரை எளிதில் இணங்கச் செய்யும்.

4. பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் விதைப்பு நாளை ஒருமித்துத் தீர்மானியுங்கள். வயல்வெளியில் பயிர்கள் வெவ்வேறு பருவங்களில் நிற்பின், தத்தி ஒரு வயலிலிருந்து அடுத்த வயலுக்குச் சென்று தொடர்ந்து பெருகும்.

5. போகம் முடிந்ததும் குழுவைக் கலைத்துவிடாதீர்கள். மாதம் ஒருமுறையேனும் கூடுங்கள். இளைஞரையும் பெண்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

தேவையின்றித் தெளித்த மருந்தின் விலையைக் கமக்காரர் தம் நெல்லை விற்றே செலுத்தவேண்டியிருக்கிறது. கடனுக்கு வாங்கியிருப்பின் குடும்பத்தின் சுமை மேலும் பெரிதாகும். ஒருவர் தனியே கற்று இச்சுமையைக் குறைக்கலாம்; ஆனால் அயல்வயலிற் பெருகிய தத்தி அவர் வயலையும் வந்து சேரும். வெளி முழுவதும் சேர்ந்து கற்றாலே ஒவ்வொருவர் வயலும் காப்பாற்றப்படும்.

வயற் பாடசாலை அமைக்க விரும்பும் கமக்காரர் அமைப்புகள், தத்தம் பகுதி விவசாயப் போதனாசிரியரைக் கமநல சேவை நிலையத்தின் மூலம் அணுகலாம். அவசர ஆலோசனைக்கு 1920 என்னும் தொலைபேசி இலக்கத்துடன் தொடர்புகொள்ளலாம்.