மானியப் பணமும் ஊர்ப் பொறுப்பும்

உளுந்தூர்ப்பேட்டையிலிருந்து சேலம் நோக்கிச் செல்வோர் தியாகதுருகத்தின் மலைக்கோட்டையைக் காணாமல் செல்ல இயலாது. பதினெட்டாம் நூற்றாண்டில் பிரெஞ்சுக்காரரும் ஆங்கிலேயரும் ஹைதர் அலியும் இக்கோட்டையின் பொருட்டுப் போரிட்டனர். வென்றவர் எவராயினும் வரி தண்டினர். அந்த வரியை என்ன செய்தீர் என்று கேட்கும் உரிமை அன்று குடிகளுக்கு இல்லை. இன்றோ அந்த மலையின் நிழலில் வாழும் நெசவாளரும் பயிர்த்தொழிலாளரும் தம் ஊரைத் தாமே ஆளுகின்றனர். பேரூராட்சி மன்றம் நம்முடையது. அதன் பணமும் நம்முடையது. எனவே அப்பணம் எங்கிருந்து வருகிறது, எவ்வாறு செலவாகிறது, எதனால் வராமல் நின்றுவிடுகிறது என்பவற்றை அறிந்துகொள்ளுதல் நம் சங்க அங்கத்தினர் ஒவ்வொருவரின் கடமையாகும்.

மூன்று ஊற்றுகள்

ஒரு பேரூராட்சியின் வருவாய் மூன்று ஊற்றுகளிலிருந்து வருகிறது. முதலாவது, ஊர் மக்களே செலுத்தும் சொத்துவரி, தொழில்வரி, குடிநீர்க் கட்டணம் முதலியன. இரண்டாவது, மாநில நிதி ஆணையத்தின் பரிந்துரைப்படி வரும் பங்கு. அரசியல் சட்டத்தின் 74-ஆவது திருத்தம் 1993 ஜூன் 1-இல் நடைமுறைக்கு வந்தது முதல், ஐந்தாண்டுக்கு ஒருமுறை இத்தகைய ஆணையம் அமைப்பது மாநிலங்களின் கடமையாயிற்று. தமிழ்நாட்டில் ஐந்தாவது மாநில நிதி ஆணையக் காலத்தில், மாநிலத்தின் சொந்த வரி வருவாயில் 10 சதவிகிதம் உள்ளாட்சிகளுக்கென ஒதுக்கப்பட்டது. மூன்றாவது, மத்திய நிதி ஆணையத்தின் மானியமும், குறிப்பிட்ட திட்டங்களுக்கான மானியங்களும் ஆகும்.

இம்மூன்றில் முதலாவது நம் கையில் இருக்கிறது. மற்ற இரண்டும் பிறர் கையிலிருந்து வருவன. ஆயினும் முதலாவது ஒழுங்காக இல்லையேல் மற்ற இரண்டும் ஒழுங்காக வரமாட்டா என்பதே இக்கட்டுரையின் சாரம்.

இது புதிய கருத்தன்று. 1958-ஆம் ஆண்டின் சென்னைப் பஞ்சாயத்துச் சட்டத்தின் கீழ், பஞ்சாயத்து வசூலித்த வீட்டுவரிக்கு ஈடான தொகையைச் சர்க்கார் மானியமாக வழங்கும் முறை இருந்தது. ஒரு ரூபாய் வசூலித்தால் இன்னொரு ரூபாய் வரும். வசூலிக்காத ரூபாய்க்கு ஈடு இல்லை. நம் முன்னோர் இதனை எளிதில் விளங்கிக்கொண்டனர். இன்று முறை சிக்கலாகிவிட்டது, தத்துவம் மாறவில்லை.

பெயர் மாறினால் பணமும் மாறும்

மானியம் என்பது ஊரின் தேவையை மட்டும் பார்த்து வருவதன்று. ஊர் எந்த வகையைச் சேர்ந்தது என்பதையும் பார்த்து வருகிறது. 2004-ஆம் ஆண்டில் தமிழ்நாட்டுப் பேரூராட்சிகளில் மிகப் பெரும்பாலானவை சிறப்புச் சிற்றூராட்சிகளாக மாற்றி வகைப்படுத்தப்பட்டன. ஊரக வளர்ச்சிக்கென மத்திய அரசு அளிக்கும் நிதியைப் பெறுவதே நோக்கம். 2006-இல் அவை மீண்டும் பேரூராட்சிகளாயின. தெருவும் குளமும் அப்படியே இருந்தன; பெயர்ப்பலகை மட்டும் இருமுறை மாறியது.

தியாகதுருகத்தில் இந்த வேறுபாட்டை இன்றும் கண்கூடாகக் காணலாம். இவ்வூர் ஒரு பேரூராட்சி. அதே சமயம் ஊராட்சி ஒன்றியத்தின் தலைமையிடமும் ஆகும். பேரூராட்சி எல்லைக்குள் இருப்பவருக்கு நகர்ப்புற மானியம். எல்லைக்கு அப்பால் இருக்கும் சிற்றூராட்சிக்கு ஊரக மானியம். நம் சங்கங்களில் இரு தரப்பினரும் அங்கத்தினராக இருக்கக்கூடும். ஆகவே, கோரிக்கையுடன் செல்லுமுன் தம் வீடு எந்த எல்லையில் உள்ளது என்பதை முதலில் அறிந்துகொள்ளல் வேண்டும். தவறான வாயிலில் தட்டி ஆறு மாதம் காத்திருப்பதால் பயனில்லை.

நூறு ரூபாயின் கதை

என். கே. சிங் தலைமையிலான பதினைந்தாவது நிதி ஆணையம், 2021 முதல் 2026 வரையிலான ஐந்தாண்டுகளுக்கு நாடு முழுவதிலும் உள்ள நகர்ப்புற உள்ளாட்சிகளுக்கு 1,21,055 கோடி ரூபாயைப் பரிந்துரைத்தது. பத்து லட்சத்துக்கும் குறைவான மக்கள் வாழும் ஊர்களுக்கு அப்பணம் எவ்வாறு வந்தது என்பதை நூறு ரூபாய்க் கணக்கில் பார்ப்போம்.

நூறு ரூபாயில் 30 ரூபாய் குடிநீர், மழைநீர்ச் சேகரிப்பு, நீர் மறுசுழற்சி ஆகியவற்றிற்கு. இன்னொரு 30 ரூபாய் துப்புரவுக்கும் குப்பை மேலாண்மைக்கும். இந்த 60 ரூபாயும் கட்டுண்ட மானியம். வேறு காரியத்துக்குத் தொடக்கூடாது. எஞ்சிய 40 ரூபாயை ஊரின் தேவைக்கேற்பச் செலவிடலாம். ஆயினும் அதிலிருந்து சம்பளமும் அலுவலகச் செலவும் கொடுக்கக்கூடாது.

"எங்கள் தெருவுக்குச் சாலை போடாமல் கழிவுநீருக்குப் பணம் ஒதுக்குகிறார்களே" என்று குறைகூறுவோர் உளர். குறைகூறுமுன் இந்தப் பிரிவினையை நினைத்துப் பார்த்தல் நலம். கழிவுநீருக்கென வந்த பணத்தைச் சாலையில் கொட்டினால் தணிக்கையில் அது குற்றமாகும்; அடுத்த தவணைக்கும் கேடு விளையும். பாவுக்கென வாங்கிய நூலை விற்றுவிட்டுச் சாயம் வாங்குபவன் தறியில் எதனை நெய்வான்?

மேலும், நெசவாளருக்கும் பயிர்த்தொழிலாளருக்கும் அந்த 60 ரூபாயே நேரான நன்மை தருவதாகும். வாட்டம் பாராமல் கட்டிய வடிகால் மழைக்காலத்தில் தெரு நீரை வீட்டுக்குள் திருப்பிவிடுகிறது. குழித்தறியின் குழியில் நீர் நின்றால் பாவு கெடும், மரம் உப்பும், எத்தனை நாள் வேலை போயிற்று என்பதை அத்தறியில் அமர்பவரே அறிவார். அவ்வாறே, மக்கும் குப்பையைப் பிரித்து உரமாக்கினால் அது கரும்புக்கும் நெல்லுக்கும் மரவள்ளிக்கும் பயன்படும். வீட்டிலேயே குப்பையைப் பிரிக்காமல் கலந்து கொடுத்துவிட்டு, வள மீட்புப் பூங்காவில் நல்ல உரம் கிடைக்கவில்லை என்று சொல்வது நியாயமன்று.

பணம் நின்றுபோன காலம்

மானியம் வராமல் போவதும் உண்டு. தமிழ்நாட்டில் உள்ளாட்சி மன்றங்களின் பதவிக்காலம் 2016 அக்டோபரில் முடிவுற்றது. நகர்ப்புற உள்ளாட்சிகளுக்குத் தேர்தல் நடந்ததோ 2022 பிப்ரவரி 19-ஆம் நாள். ஐந்தாண்டுகளுக்கு மேல் தனி அதிகாரிகளே நிர்வாகத்தை நடத்தினர். தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் இல்லாத உள்ளாட்சிகளுக்கு மானியம் இல்லை என்று கூறி, பதினான்காவது நிதி ஆணையத்தின் தொகையை மத்திய அரசு நிறுத்தி வைத்தது. வாக்குச்சாவடிக்கும் குடிநீர்க் குழாய்க்கும் என்ன தொடர்பு என்று வினவுவோருக்கு இதுவே விடை.

பதினைந்தாவது ஆணையம் இன்னும் இரண்டு நிபந்தனைகளை விதித்தது. முதலாவது கணக்கைப் பற்றியது. முந்தைய ஆண்டின் தற்காலிகக் கணக்கும், அதற்கு முந்தைய ஆண்டின் தணிக்கை செய்யப்பட்ட கணக்கும் பொதுமக்கள் காணும்படி இணையத்தில் வெளியிடப்படல் வேண்டும். தொடக்கத்தில் சிறிது சலுகை இருந்தது. 2023–24 முதல், இரண்டையும் வெளியிட்ட உள்ளாட்சிகளின் பொருட்டு மட்டுமே மானியம் என்ற விதி வந்தது.

இரண்டாவது சொத்துவரியைப் பற்றியது. மாநிலம் முதலில் வரியின் அடிமட்ட விகிதத்தை அறிவிக்க வேண்டும். பின்னர் வசூல், மாநில உற்பத்தி வளர்ச்சியின் ஐந்தாண்டுச் சராசரிக்கேற்ப ஆண்டுதோறும் உயர வேண்டும். தமிழ்நாட்டில் 2022 ஏப்ரலில் சொத்துவரி சீரமைக்கப்பட்டதன் பின்னணி இதுவே. அப்போது பேரூராட்சிகளில் 600 சதுர அடிக்கு உட்பட்ட வீடுகளுக்கு 25 சதவிகிதமும், 1,800 சதுர அடிக்கு மேற்பட்ட வீடுகளுக்கு 100 சதவிகிதமும் வரி உயர்ந்தது.

இந்த உயர்வு சுமையல்ல என்று நாம் சொல்லவில்லை. வீட்டிலேயே தறி வைத்துப் பிழைக்கும் குடும்பத்துக்கு ஒவ்வொரு ரூபாயும் கணக்கில் உள்ளதே. ஆகவே, அளவு தவறாகக் குறிக்கப்பட்டிருந்தால் அளவைத் திருத்தும்படி எழுத்து மூலம் மனுச் செய்தல் முறை. வரியையே செலுத்தாமல் இருத்தல் முறையன்று. ஒருவர் செலுத்தாத வரியினால் அவர் பங்கு மட்டும் குறைவதில்லை. ஊர் முழுவதற்கும் வரவேண்டிய மானியமும் தடைப்படுகிறது.

தவணையும் சான்றிதழும்

திட்ட மானியங்கள் ஒரே தொகையாக வருவதில்லை. 2021 அக்டோபர் 1-இல் தொடங்கப்பெற்ற இரண்டாவது அம்ருத் திட்டத்தைப் பார்ப்போம். ஒரு லட்சத்துக்கும் குறைவான மக்கள் வாழும் ஊர்களில் குடிநீர்த் திட்டத்துக்கு மத்திய அரசின் பங்கு 50 சதவிகிதம். அது 20, 40, 40 என மூன்று தவணைகளாக வரும் என்பது விதி. ஒரு கோடி ரூபாய்த் திட்டம் எனக் கொண்டால் மத்திய பங்கு 50 லட்சம். முதல் தவணை 10 லட்சம். அதன்பின் 20 லட்சம். இறுதியில் 20 லட்சம்.

முதல் பத்து லட்சம் எவ்வாறு செலவாயிற்று என்று பயன்பாட்டுச் சான்றிதழ் அனுப்பினால்தான் அடுத்த இருபது வரும். சான்றிதழ் தாமதமானால் ஒப்பந்தக்காரருக்குப் பணம் தாமதமாகும், வேலை நிற்கும், தோண்டிய தெரு தோண்டியபடி கிடக்கும். அக்குழியில் விழுந்து எழுபவர் காரணத்தைத் தெருவில் தேடுகிறார். காரணமோ அலுவலகக் கோப்பில் உறங்குகிறது.

கூட்டுறவாளர்களாகிய நமக்கு இது பழகிய பாடம். 1953-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் ஆலைத் துணியின் மீது கெஜத்துக்கு மூன்று பை வரி விதித்து, அந்நிதியைக் கைத்தறிக்கும் கதருக்கும் வழங்கினர். அன்றுமுதல் நெசவாளர் சங்கங்கள் எத்தனையோ தள்ளுபடி மானியங்களைக் கண்டுள்ளன. விற்பனைப் பட்டியல் சரியாக உள்ளதா, தணிக்கை முடிந்ததா, உரிய நாளில் கோரிக்கை சென்றதா — இம்மூன்றும் இல்லாத சங்கம் மானியம் பெற்றதாக எவரும் கண்டதில்லை. சங்கத்துக்குப் பொருந்தும் நெறி ஊருக்கும் பொருந்தும்.

கட்டியபின் காப்பது யார்?

இன்னொரு பொறுப்பையும் மறத்தலாகாது. மானியத்தில் மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டி கட்டலாம். ஆனால் மோட்டாருக்கு மின்கட்டணம் மாதந்தோறும் வரும்; இயக்குபவருக்குக் கூலி வேண்டும்; தண்ணீரில் குளோரின் கலக்க வேண்டும்; சில ஆண்டுகளில் குழாயும் வால்வும் பழுதாகும். நிதி ஆணைய மானியத்திலிருந்து சம்பளம் கொடுக்கலாகாது என்று முன்னரே கண்டோம். ஆகவே அன்றாடச் செலவு ஊரின் சொந்த வருவாயிலிருந்தே வரவேண்டும். கடனாகவோ தானமாகவோ தறி கிடைத்தாலும் நூல் வாங்கக் கைப்பணம் வேண்டாவா? மானியம் வருகிறது என்ற ஒரே காரணத்துக்காக, பராமரிக்க இயலாத பெரிய கட்டடத்துக்கு ஆசைப்படுதல் ஊருக்கு நன்மையாகாது.

நாம் செய்ய வேண்டியவை

முதலாவதாக, சொத்துவரியையும் குடிநீர்க் கட்டணத்தையும் உரிய காலத்தில் செலுத்தி ரசீது பெறுக.

இரண்டாவதாக, பேரூராட்சியின் வரவு-செலவுத் திட்டம் தயாராகுமுன் வார்டு உறுப்பினரிடம் தெருவின் தேவையை எழுத்தில் கொடுக்க. அத்தேவை குடிநீரைச் சேர்ந்ததா, துப்புரவைச் சேர்ந்ததா, பொதுவானதா என்பதையும் குறிப்பிடுக. தலைப்புக்குப் பொருந்திய கோரிக்கை விரைவில் ஏற்கப்படும்.

மூன்றாவதாக, இணையத்தில் வெளியாகும் கணக்கை நம் பிள்ளைகளில் படித்தவரைக் கொண்டு பார்க்க. விளங்காததை வினவுக. 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் அதற்கு இடமளிக்கிறது. வினவுதல் பகைமையன்று, சங்கப் பொதுக்குழுவில் வரவு செலவைக் கேட்பது போன்றதே.

நான்காவதாக, வேலை நடக்கும்போதே பார்க்க. வடிகாலின் வாட்டம் எந்தப் பக்கம், நீர் எங்கே சென்று சேரும் என்று சிமெண்டு காயுமுன் கேட்பவரே ஊருக்கு உதவியவர். மழை பெய்தபின் கேட்பது காலங்கடந்த கேள்வியாகும்.

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பது நம் பழமொழி. மானியம் என்பது எங்கோ உள்ள ஒருவர் தரும் கொடை அன்று. சேலை வாங்கியவரும் சர்க்கரை வாங்கியவரும் செலுத்திய வரி, சுற்றி வளைந்து நம் தெருவுக்குத் திரும்பி வருகிறது. வந்த பணத்தை வீணாக்காமல் காப்பதும், வரவேண்டிய பணம் நம் அசட்டையால் நிற்காமல் பார்ப்பதும் நம் கையில் உள்ளன. கூட்டுறவில் பழகிய கை அதனைச் செவ்வனே செய்யும் என்பதில் ஐயமில்லை.